போன், டேப்லெட் பிரவுசர்களில் எக்ஸ்டென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரில் பழகிய எக்ஸ்டென்ஷன் போனில் ஏன் கிடைப்பதில்லை? கிடைத்தாலும் ஏன் அதே மாதிரி ஓடுவதில்லை? இந்த இரண்டும்தான் வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட நடையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

1. எக்ஸ்டென்ஷன்னா என்ன? அதுவும் ஒரு ஆப் மாதிரிதானா?

இல்லை. ஆப் தனியாக ஓடும். எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்குள் மட்டுமே ஓடும் சின்ன நிரல். நீங்கள் திறக்கும் பக்கத்தைப் படித்து, அதில் எதையாவது நீக்கும், சேர்க்கும், நிறம் மாற்றும். விளம்பரத்தைத் தடுப்பது, வெள்ளைப் பக்கத்தைக் கறுப்பாக்குவது எல்லாம் இந்த வகை வேலைதான். பிரவுசரை விட்டு வெளியே வந்துவிட்டால் அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. கீழே வரும் சந்தேகங்களில் பாதிக்கு இந்த ஒரு விஷயம்தான் பதில்.

2. குரோம்ல எக்ஸ்டென்ஷன் போடற இடம் எங்க இருக்கு? தேடித் தேடிப் பார்த்தாச்சு.

ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் உள்ள குரோமில் அந்த இடமே கிடையாது. எந்த மெனுவுக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், குரோம் வெப் ஸ்டோர் பக்கம் போனிலும் திறக்கும். எக்ஸ்டென்ஷன் பெயருக்குக் கீழே 'டெஸ்க்டாப்பில் சேர்' என்ற பொருளில் ஒரு பொத்தானும் வரும். அதைத் தொட்டால், அதே கணக்கில் இயங்கும் உங்கள் கம்ப்யூட்டர் குரோமில்தான் எக்ஸ்டென்ஷன் ஏறும், போனில் எதுவும் மாறாது. "இன்ஸ்டால் ஆச்சுன்னு சொல்லுது, ஆனா காணோம்" என்பவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் அங்கே இருக்கும்.

3. அப்போ ஆண்ட்ராய்டுல எந்த பிரவுசர்ல போடலாம்?

ஃபயர்பாக்ஸ். யோசிக்காமல் சொல்லக்கூடிய பதில் இது ஒன்றுதான். 2020-இல் ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸை அதை உருவாக்கும் மொஸில்லா அடியோடு மாற்றி எழுதியபோது, தேர்ந்தெடுத்த சில எக்ஸ்டென்ஷன்களை மட்டுமே அனுமதித்தது. 2023 டிசம்பரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது ஆண்ட்ராய்டுக்குப் பொருந்தும் என்று அதை எழுதியவர் குறித்த எதையும் நேரடியாகப் போடலாம். மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'எக்ஸ்டென்ஷன்ஸ்' தொடுங்கள். பரிந்துரைப் பட்டியல் வரும். வேண்டியதன் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று ஒரு பெட்டி வரும். படித்துவிட்டு 'சேர்' கொடுத்தால் முடிந்தது. பட்டியலில் இல்லாததைத் தேட, அதே பக்கத்தின் அடியில் மொஸில்லாவின் முழுத் தொகுப்புக்குப் போகும் இணைப்பு இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் எட்ஜின் ஆண்ட்ராய்டு பதிப்பிலும் எக்ஸ்டென்ஷன் உண்டு, ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்துத் தரும் பட்டியல்தான். சாம்சங் இன்டர்நெட் பிரவுசரில் விளம்பரத் தடுப்பான்களைத் தனியாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் பெரிய சுதந்திரம் இல்லை. பிரேவ், விவால்டி இரண்டிலும் போனில் எக்ஸ்டென்ஷன் கிடையாது. ஆனால் விளம்பரத் தடுப்பு உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்றால் அவையே போதும்.

கிவி பிரவுசரை இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஆண்ட்ராய்டில் ஓட்டிக் காட்டிய நல்ல முயற்சி அது. ஆனால் 2025 ஜனவரியில் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத பிரவுசரில் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறப்பது ஆபத்து. போனில் இருந்தால் புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்துகொண்டு நீக்கிவிடுங்கள். 'எல்லா குரோம் எக்ஸ்டென்ஷனும் ஓடும்' என்று விளம்பரம் செய்யும், யார் எழுதியது என்றே தெரியாத பிரவுசர்களையும் தவிர்ப்பது நல்லது. எக்ஸ்டென்ஷனைவிடப் பிரவுசருக்குத்தான் உங்கள் தகவல் முழுவதும் தெரியும்.

4. ஐபோன், ஐபேட்ல எப்படிப் போடறது?

சஃபாரியில் போடலாம், 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல். முறைதான் வேறு. எக்ஸ்டென்ஷன் ஒரு ஆப்புக்குள் பொதிந்து ஆப் ஸ்டோர் வழியாக வரும். ஆப்பை நிறுவியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன.

முதலாவது, செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் சஃபாரி, அதற்குள் எக்ஸ்டென்ஷன்ஸ் போய் அதன் சுவிட்சைப் போட வேண்டும். ஐஓஎஸ் 17 வரை செட்டிங்ஸின் முதல் பக்கத்திலேயே சஃபாரி இருக்கும். இரண்டாவது, அதே இடத்தில் எந்தெந்தத் தளங்களில் ஓடலாம் என்ற அனுமதி. அது 'கேள்' என்றே இருந்தால், நீங்கள் ஒப்புதல் தரும்வரை எக்ஸ்டென்ஷன் அந்தத் தளத்தைத் தொடாது. சஃபாரியில் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் பக்க மெனுப் பொத்தானைத் தொட்டால் எக்ஸ்டென்ஷன் பெயர் தெரியும். அதைத் தொட்டு ஒரு நாளுக்கு மட்டும் அல்லது எப்போதும் என்று அனுமதி தரலாம்.

5. ஐபோன்ல ஃபயர்பாக்ஸ் போட்டேன். எக்ஸ்டென்ஷன் மெனுவே இல்லையே?

பெயர் ஒன்றுதான், உள்ளே வேறு. ஐபோனில் எந்த பிரவுசராக இருந்தாலும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினைத்தான் (பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் அடிப்படை நிரல்) பயன்படுத்த வேண்டும் என்பது ஆப் ஸ்டோர் விதி. 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஆகவே ஐபோனில் உள்ள ஃபயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் எல்லாமே அடியில் சஃபாரியின் எஞ்சினில் ஓடுபவை. ஃபயர்பாக்ஸின் சொந்த எஞ்சினை நம்பி எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களுக்கு அங்கே இடமில்லை. சஃபாரிக்காக நீங்கள் போட்ட எக்ஸ்டென்ஷனும் இந்த பிரவுசர்களுக்குள் வராது.

விதிவிலக்காக ஓரியன் என்ற பிரவுசர் வெப்கிட்டின் மேலேயே குரோம், ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்களை ஓட்ட முயல்கிறது. சில ஓடும், சில ஓடாது. சோதித்துப் பார்க்கப் பொறுமை இருப்பவர்களுக்கு ஏற்றது. மற்றவர்களுக்கு சஃபாரியே நிம்மதி.

6. ஒரே ஒரு ஆட் பிளாக்கர்தான் போட்டேன். செட்டிங்ஸ்ல ஆறு சுவிட்ச் காட்டுது. எல்லாத்தையும் ஆன் பண்ணணுமா?

ஆமாம், பொதுவாக எல்லாவற்றையும் போடலாம். காரணம் ஒரு எண்ணிக்கை. சஃபாரியில் 'கன்டென்ட் பிளாக்கர்' என்று ஒரு தனி வகை உண்டு, 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்தது. எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிப் பட்டியலை அது முன்கூட்டியே சஃபாரியிடம் கொடுத்துவிடும். அந்தப் பட்டியல் ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 1,50,000 விதிகள்தான் இருக்கலாம். ஆட்கார்டு போன்ற விளம்பரத் தடுப்பான்களிடம் அதைவிட அதிக விதிகள் இருப்பதால், விளம்பரம், கண்காணிப்பு, சமூக வலைதளப் பொத்தான்கள், பாதுகாப்பு என்று பிரித்து ஆறு பிளாக்கர்களாகக் கொடுக்கிறார்கள்.

இந்த வகையில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. பட்டியலைக் கொடுத்த பிறகு தடுக்கும் வேலையை சஃபாரியே செய்கிறது. நீங்கள் எந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்பது பிளாக்கரை எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. 4-ஆம் பதிலில் சொன்ன எக்ஸ்டென்ஷன் வகை அப்படியல்ல, அது பக்கத்தைப் படிக்கும். இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துத் தெரிவதால் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தைப் படிக்க அனுமதி கேட்காத சுவிட்ச் என்றால் அது கன்டென்ட் பிளாக்கர்.

7. முதல்ல எதைப் போடலாம்? ஒரு பத்து சொல்லுங்களேன்.

பத்து வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் ஒன்றைப் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். விளம்பரம், கண்காணிப்பு நிரல்கள், தீங்கான தளங்கள் மூன்றுக்கும் அது ஒன்றே போதும். கம்ப்யூட்டர் குரோமில் புதிய எக்ஸ்டென்ஷன் விதிமுறையால் யூபிளாக் ஆரிஜினின் முழுப் பதிப்பு நிறுத்தப்பட்டு, 'லைட்' பதிப்புதான் மிஞ்சியிருக்கிறது. ஃபயர்பாக்ஸில் முழுப் பதிப்பு போனிலேயே ஓடுகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஐபோனில் சஃபாரிக்கு யூபிளாக் ஆரிஜின் லைட், ஆட்கார்டு இரண்டில் ஒன்று.

இரண்டு விளம்பரத் தடுப்பான்களை ஒன்றாகப் போடாதீர்கள். தடுப்பு இரட்டிப்பாகாது. ஒன்று தந்திரமாக மாற்றி அனுப்பும் நிரலை மற்றொன்று முழுதாக மறித்து, பக்கம் பாதியில் நிற்கும். எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

8. யூபிளாக் போட்டும் சில இடத்துல விளம்பரம் வருதே?

மூன்று காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். ஒன்று, நீங்கள் இருப்பது உண்மையில் ஃபயர்பாக்ஸ்தானா? அடுத்த கேள்வி இதைப் பற்றித்தான். இரண்டு, தடுப்புப் பட்டியல் பழையதாகியிருக்கலாம். மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ், யூபிளாக் ஆரிஜின், அதில் பல்சக்கரக் குறியைத் தொட்டு, தடுப்புப் பட்டியல்களுக்கான பக்கத்தில் 'இப்போதே புதுப்பி' கொடுங்கள். பிரவுசரை எப்போதாவது திறப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மூன்று, தளமே தன் சொந்த விளம்பரத்தைக் கட்டுரையின் பகுதி போல வைத்திருக்கலாம். எந்தப் பட்டியலிலும் அது இருக்காது.

மூன்றாவது வகையை நீங்களே நீக்கலாம். அந்தப் பக்கத்தில் இருந்தபடியே யூபிளாக் பெட்டியைத் திறந்தால் மின்னல் குறி ஒன்றும் சொட்டுக்குழாய் குறி ஒன்றும் இருக்கும். மின்னல் இந்த ஒரு முறைக்கு மட்டும் நீக்கும், பக்கத்தை மறுபடி ஏற்றினால் திரும்ப வந்துவிடும். சொட்டுக்குழாய் நிரந்தரம். அதைத் தொட்டதும் பக்கம் மங்கும். விளம்பரத்தின் மேல் விரலை வைத்தால் அந்தப் பகுதி மட்டும் நிறம் மாறித் தெரியும். கட்டுரையும் சேர்ந்து நிறம் மாறினால் தேர்வு அகலமாகிவிட்டது என்று பொருள். சறுக்குப் பட்டையை நகர்த்திச் சுருக்குங்கள். முன்னோட்டம் பார்த்துச் சரியென்றால் 'உருவாக்கு'.

கை தவறி வேறெதையோ நீக்கிவிட்டால் பதற வேண்டாம். பல்சக்கரத்துக்குள் 'என் வடிகட்டிகள்' பக்கத்தில் நீங்கள் உருவாக்கிய விதி ஒரு வரியாக இருக்கும். அதை அழித்து, மாற்றத்தைச் சேமித்து, பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழையபடி வந்துவிடும்.

9. சாட் ஆப்ல வந்த லிங்க்கைத் தொட்டா விளம்பரம் கொட்டுது. அதே லிங்க் பிரவுசர்ல சுத்தமா இருக்கு. எப்படி?

பல ஆப்கள் இணைப்பைத் தமக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரில் திறக்கின்றன. பார்ப்பதற்கு வழக்கமான பக்கம் போல இருக்கும், மேலே ஒரு பெருக்கல் குறி மட்டும் தெரியும். 1-ஆம் பதிலில் சொன்னபடி, எக்ஸ்டென்ஷனுக்கு அங்கே நுழைய வழியில்லை. அந்தக் குட்டி பிரவுசரின் மெனுவில் 'பிரவுசரில் திற' இருக்கும், அதைத் தொடுங்கள். சில ஆப்களின் செட்டிங்ஸில் இணைப்புகளை எப்போதும் வெளி பிரவுசரில் திறக்கும் சுவிட்சும் உண்டு.

அதோடு இயல்பு பிரவுசரையும் மாற்றிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், இயல்பு ஆப்ஸ், பிரவுசர் ஆப். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸை இயல்பாக வைத்தால், கஸ்டம் டேப் என்ற முறையில் இணைப்பைத் திறக்கும் ஆப்களில் உள்ளே ஓடுவதும் ஃபயர்பாக்ஸே, ஆகவே யூபிளாக்கும் வேலை செய்யும். முழுக்கத் தங்கள் சொந்தக் குட்டி பிரவுசரை வைத்திருக்கும் ஆப்களில் இது பலிக்காது.

ஆப்களுக்குள் வரும் விளம்பரத்தைக் குறைக்க வேண்டுமானால் அது எக்ஸ்டென்ஷன் வேலையே அல்ல. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை அங்கே கொடுத்தால் போன் முழுவதும் பொருந்தும். ஆனால் வீடியோ வரும் அதே சர்வரிலிருந்து விளம்பரமும் வந்தால் டிஎன்எஸ்ஸால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

10. கம்ப்யூட்டர் ஃபயர்பாக்ஸ்ல இருக்கிற எக்ஸ்டென்ஷன் எல்லாம் போனுக்குத் தானா வந்துடுமா?

வராது. ஒரே கணக்கில் நுழைந்தால் புக்மார்க், கடவுச்சொல், வரலாறு, திறந்திருக்கும் டேப்கள் வரும். எக்ஸ்டென்ஷன்களைப் போனில் தனியாகத்தான் போட வேண்டும். யூபிளாக்கில் நீங்கள் சொந்தமாக எழுதிய விதிகள் நிறைய இருந்தால், கம்ப்யூட்டரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பைப் போனுக்கு அனுப்பி, அங்கே அதே இடத்தில் மீட்டெடுக்கலாம். சஃபாரியில் நிலைமை மேல்: ஐஓஎஸ் 16 முதல் ஒரே கணக்கில் உள்ள ஐபோன், ஐபேட், மேக் மூன்றுக்கும் எக்ஸ்டென்ஷன்களைப் பகிரும் சுவிட்ச் இருக்கிறது.

11. 'டெஸ்க்டாப் சைட்' டிக் பண்ணா எக்ஸ்டென்ஷன் வேலை செய்யுமா?

செய்யாது. அந்தப் பொத்தான் பிரவுசரை மாற்றுவதில்லை, தளத்திடம் சொல்லும் அறிமுகத்தை மட்டும் மாற்றுகிறது. 'நான் போன்' என்பதற்குப் பதில் 'நான் கம்ப்யூட்டர்' என்று சொல்லி, பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத்துக்கு விரித்துக் காட்டும். அதனால்தான் எழுத்து எறும்பு போலச் சிறுத்துவிடுகிறது. போன் பதிப்பில் மறைத்துவைத்த ஒரு பொத்தானையோ மெனுவையோ எடுக்க இது நல்ல வழி. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

டேப்லெட்டில் கதை வேறு. 2019-இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தது முதல் ஐபேட் சஃபாரி தன்னை மேக் என்றே தளங்களிடம் அறிமுகப்படுத்துகிறது. 'எங்கள் மேக் செயலியைத் தரவிறக்குங்கள்' என்று ஐபேடில் ஒரு தளம் கேட்பதன் காரணம் இதுதான். அப்போது தலைகீழாக, பக்க மெனுவில் மொபைல் தளத்தைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் செட்டிங்ஸ், தள அமைப்புகள், டெஸ்க்டாப் சைட் பகுதியில் எல்லாத் தளங்களுக்குமோ குறிப்பிட்ட தளத்துக்கு மட்டுமோ இதை நிரந்தரமாக்கலாம். பத்து அங்குலத் திரையில் இது உண்மையிலேயே பயன்படும்.

12. கம்ப்யூட்டர்ல அருமையா ஓடற எக்ஸ்டென்ஷன் போன்ல பாதிதான் ஓடுது. ஏன்?

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் சில கதவுகளே இல்லை. வலது கிளிக் மெனுவில் தன் பெயரைச் சேர்க்கும் வசதி எக்ஸ்டென்ஷனுக்கு அங்கே கிடையாது. 'தேர்ந்தெடுத்த சொல்லை வலது கிளிக் செய்து அகராதியில் தேடு' என்ற வகை எக்ஸ்டென்ஷன் போட்டும் ஒன்றும் நடக்காததன் காரணம் அது. தனிச் சாளரம் திறக்கும் வழியும் இல்லை. விசைப்பலகைக் குறுக்குவழியை நம்பியவையும், சுட்டியை மேலே கொண்டுபோனால் விரியும் வகையினவும் தொடுதிரையில் தடுமாறும்.

ஆகவே போடுவதற்கு முன் அந்த எக்ஸ்டென்ஷனின் பக்கத்தில் ஆண்ட்ராய்டுக்குக் கிடைக்கும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பு இல்லாததைக் கோப்பாகப் போடவும் ஒரு வழி உண்டு: செட்டிங்ஸில் 'ஃபயர்பாக்ஸ் பற்றி' பக்கத்தில் லோகோவை ஐந்து முறை தட்டினால், கோப்பிலிருந்து எக்ஸ்டென்ஷன் நிறுவும் வரி செட்டிங்ஸில் முளைக்கும். மொஸில்லாவின் கையொப்பம் உள்ள கோப்பாக இருக்க வேண்டும். இது எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களுக்கான கதவு. யாரோ அனுப்பிய கோப்பைப் போடுவதற்காகத் திறக்காதீர்கள்.

13. "எல்லா இணையதளங்களிலும் உங்கள் தகவலை அணுகும்"னு கேக்குது. பயமா இருக்கு, சரின்னு கொடுக்கலாமா?

பயம் நியாயமானதுதான். அந்த வரி சொல்வது உண்மை: நீங்கள் திறக்கும் எந்தப் பக்கத்தையும், அதில் நீங்கள் தட்டச்சு செய்வதையும் அதனால் படிக்க முடியும். விளம்பரத் தடுப்பானுக்கும் பக்கத்தைக் கறுப்பாக்குவதற்கும் இந்த அனுமதி இல்லாமல் வேலையே நடக்காது. ஆனால் ஒரே ஒரு தளத்தில் மட்டும் ஓட வேண்டிய எக்ஸ்டென்ஷன் எல்லாத் தளங்களையும் கேட்டால், வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

இன்று நல்லவர் கையில் இருப்பது நாளை விற்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்ப்யூட்டர் குரோமில் பெயர்பெற்ற 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷன் அப்படித்தான் கைமாறியது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கானது என்று சொல்லி நீக்க வேண்டியதாயிற்று. நிறுவியவர்கள் புதிதாக எதையும் செய்யவில்லை, தானாக வந்த புதுப்பிப்பே போதுமானதாக இருந்தது. இதனால்தான் 7-ஆம் பதிலில் பத்து வேண்டாம் என்றோம். மாதம் ஒருமுறை பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாததை நீக்குங்கள். வெறுமனே அணைத்து வைப்பதைவிட நீக்குவது மேல்.

சஃபாரியில் தளம் தளமாக அனுமதி தரலாம் என்று 4-இல் பார்த்தோம். வங்கித் தளத்துக்கு மட்டும் 'மறு' என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் பணம் சம்பந்தப்பட்ட வேலைகளை எக்ஸ்டென்ஷனே இல்லாத வேறொரு பிரவுசரில் செய்வது எளிய வழி.

14. பிரைவேட் டேப்ல மட்டும் எக்ஸ்டென்ஷன் ஓடலையே?

வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஃபயர்பாக்ஸில் அந்த எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்திலும், ஐபோனில் 4-இல் சொன்ன சஃபாரி எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்திலும், பிரைவேட் முறையில் ஓட அனுமதிக்கும் தனி சுவிட்ச் உண்டு.

15. எக்ஸ்டென்ஷன் போட்டா போன் மெதுவாகுமா? பேட்டரி குடிக்குமா?

எது என்பதைப் பொறுத்தது. நல்ல விளம்பரத் தடுப்பான் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டும். அது செலவழிக்கும் நினைவகத்தைவிட, அது தடுக்கும் படங்களும் வீடியோக்களும் நிரல்களும் அதிகம். டேட்டாவும் மிச்சமாகும். பக்கத்தைக் கறுப்பாக்கும் டார்க் ரீடர் போன்றவை எதிர்ப்பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் நிற விதிகளையும் எடுத்து ஆராய்ந்து மாற்றி எழுதுவதால், பழைய போனில் பக்கம் முதலில் வெள்ளையாக மின்னிப் பிறகு கறுப்பாகும், உருட்டும்போது திணறும். 17-ஆம் பதிலில் இதற்கு மாற்று வழி இருக்கிறது.

16. "எக்ஸ்டென்ஷன்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டன"ன்னு ஃபயர்பாக்ஸ் காட்டுது. வைரஸா?

வைரஸ் இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் ஃபயர்பாக்ஸுக்குள் தனியொரு செயல்முறையாக ஓடுகின்றன. நினைவகம் போதாமலோ வேறு பிழையாலோ அது அடுத்தடுத்துச் சில முறை விழுந்தால், பிரவுசர் முழுதும் விழாமல் இருக்க ஃபயர்பாக்ஸ் அவற்றை நிறுத்திவைக்கும். அந்தச் செய்தியிலேயே மறுபடி தொடங்கும் பொத்தான் இருக்கும், தொட்டால் போதும். அடிக்கடி வந்தால், கடைசியாகப் போட்டதை முதலில் சந்தேகப்படுங்கள். மற்ற ஆப்களை மூடி, தேவையற்ற டேப்களையும் குறையுங்கள். டேப் எண்ணிக்கைக்குப் பதில் முடிவிலிக் குறி தெரிந்தால் 99-ஐத் தாண்டிவிட்டீர்கள். ஆண்ட்ராய்டு குரோம் அதே நிலையில் ஒரு சிரித்த முகத்தைக் காட்டும். சஃபாரியில் ஒரு டேப் தொகுதிக்கு 500 தான் எல்லை.

17. கறுப்புப் பின்னணி, பெரிய எழுத்து, கட்டுரை மட்டும் தெரியணும். இதுக்கெல்லாம் எந்த எக்ஸ்டென்ஷன்?

எதுவும் வேண்டாம், எல்லாம் பிரவுசரிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் செட்டிங்ஸ், தீம் பகுதியில் இருள் தீமைத் தேர்ந்தெடுத்தால், இணையதளங்களையும் கறுப்பாக்கும் டிக் ஒன்று கிடைக்கும். டார்க் ரீடர் அளவு நேர்த்தி வராது, ஆனால் வேகம் குறையாது. எழுத்து அளவு குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் செட்டிங்ஸின் அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கிறது. விரலால் பெரிதாக்க விடாத தளங்களையும் பெரிதாக்க வைக்கும் சுவிட்சும் அங்கேயே உண்டு. கண் பார்வை குறைந்தவர்களின் போனில் இதை முதல் வேலையாகப் போட்டுக் கொடுங்கள்.

கட்டுரை மட்டும் தெரிய ரீடர் முறை. ஃபயர்பாக்ஸில் கட்டுரைப் பக்கம் திறந்ததும் முகவரிப் பட்டையில் ஒரு தாள் குறி தோன்றும், சஃபாரியில் பக்க மெனுவில் இருக்கும். ஐஓஎஸ் 18 முதல் சஃபாரியில் கவனத்தைக் கலைக்கும் பகுதிகளை விரலால் தொட்டுக் கரைக்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது. மேலே ஒட்டிக்கொண்டு வரும் பட்டைகளை நீக்க அருமையானது. அடிக்கடி மாறும் விளம்பரங்கள் மட்டும் திரும்ப வந்துவிடும்.

18. பாஸ்வேர்ட் மேனேஜர் எக்ஸ்டென்ஷன் போனுக்குக் கிடைக்கலையே?

கம்ப்யூட்டரில்தான் அதற்கு எக்ஸ்டென்ஷன் தேவை. போனில் அதன் ஆப்பை நிறுவி, போன் செட்டிங்ஸில் தானியங்கி நிரப்பல் சேவையாக அதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 8, ஐஓஎஸ் 12 முதல் இது உண்டு, எல்லா பிரவுசரிலும் மற்ற ஆப்களிலும் நிரப்பும். ஆண்ட்ராய்டு குரோமில் மட்டும் இன்னொரு படி: குரோமின் செட்டிங்ஸில் தானியங்கி நிரப்பல் சேவைகள் பகுதிக்குப் போய், வேறு சேவையைப் பயன்படுத்து என்று மாற்ற வேண்டும்.

19. குரோமை விட மனசில்லை. ஏதாவது ஒரு சின்ன வழி?

புக்மார்க்லெட் இருக்கிறது. புக்மார்க்கின் முகவரி இருக்கும் இடத்தில் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரலை வைப்பதுதான் அது. ஏதாவது ஒரு பக்கத்தை புக்மார்க் செய்து, உடனே அதைத் திருத்துங்கள். பெயரை வேறெங்கும் வராத சிறு சொல்லாக மாற்றி, முகவரியை அழித்து நிரலை ஒட்டுங்கள். பிறகு வேண்டிய பக்கத்தில் இருந்தபடி முகவரிப் பட்டையில் அந்தச் சொல்லைத் தட்டி, கீழே நட்சத்திரக் குறியோடு வரும் பரிந்துரையைத் தொடுங்கள்.

இரண்டு இடத்தில் வழுக்கும். புக்மார்க் பட்டியலைத் திறந்து அங்கிருந்து தொட்டால் நிரல் உங்கள் பக்கத்தின் மேல் ஓடாது, முகவரிப் பட்டை வழியாகத்தான் ஓடும். நிரலை நேரடியாக முகவரிப் பட்டையில் ஒட்டினால், பாதுகாப்புக்காகக் குரோம் அதன் முதல் சொல்லை வெட்டிவிடும். என்ன செய்கிறது என்று புரியாத நிரலைப் போடாதீர்கள். அது ஓடும் பக்கத்தில் 13-இல் சொன்ன அதே அளவு அதிகாரம் அதற்கும் உண்டு, அனுமதிப் பெட்டிகூட வராது.

20. ஒரு தளம் மட்டும் திறக்கவே மாட்டேங்குது. எக்ஸ்டென்ஷன்தான் காரணமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அதே தளத்தை பிரைவேட் டேபில் திறந்து பாருங்கள். 14-இல் சொன்னபடி அங்கே எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் ஓடாது, தளம் போனில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான பழைய குக்கியும் இருக்காது. அங்கேயும் திறக்கவில்லை என்றால் கோளாறு தளத்திலோ இணைப்பிலோ பிரைவேட் டிஎன்எஸ்ஸிலோ இருக்கிறது. அங்கே திறந்தால், சாதாரண டேபுக்கு வந்து யூபிளாக் பெட்டியில் உள்ள பெரிய பவர் பொத்தானைத் தொட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும், மற்ற தளங்களில் தொடரும். சஃபாரியில் பக்க மெனுவில் கன்டென்ட் பிளாக்கர்களை அணைக்கும் வரி இதே வேலையைச் செய்யும்.

அப்போதும் சரியாகவில்லை என்றால் மற்ற எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் முரண்டு பிடித்தால், அந்த ஒரு தளத்தின் குக்கிகளையும் சேமிப்பையும் மட்டும் அழியுங்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியைத் தொட்டால் ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் அதற்கான வழி கிடைக்கும். பிரவுசரின் மொத்தத் தரவையும் அழிப்பது கடைசி ஆயுதம். அதைச் செய்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி கடவுச்சொல் கொடுத்து நுழைய வேண்டியிருக்கும்.